சொல்லாத நோட்டம்

மேசையின் இரண்டாவது இழுப்பறையைத் திறக்க இப்போதெல்லாம் கை தயங்குகிறது. பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த கோடுபோட்ட தாளில் மடித்து வைத்த ஈயக் காசு ஒன்று அதில் இருக்கிறது. சட்டைப் பொத்தான் அளவு. சாம்பல் நிறம், ஓரத்தில் திருநீறு ஒட்டியதுபோல வெண்பொடி. போன ஐப்பசியில் இணைய ஏலத்தில் எடுத்தேன். முறைப்படிதான் எடுத்தேன். யாரிடமும் பொய் சொல்லவில்லை. ஏலம் முடிந்த இரவே பணத்தை அனுப்பிவிட்டேன். விற்றவர் எனக்கு ஐந்து நட்சத்திரம் போட்டார், நானும் அவருக்கு ஐந்து போட்டேன். அத்தோடு கணக்குத் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. காலையில் பல் துலக்கும்போது, பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, காரணமில்லாமல் அந்தக் காசு நினைவுக்கு வருகிறது. வரும்போது சந்தோஷம் வருவதில்லை. இருபது வருஷமாகக் காசு சேர்க்கிறேன். ஏமாந்திருக்கிறேன், வார்ப்புப் போலிகளை நிஜமென்று வாங்கி மனம் நொந்திருக்கிறேன். ஏமாந்த காசுகளில் ஒன்றுகூட இப்படி உறுத்தியதில்லை. இது அசல் காசு, மலிவாகக் கிடைத்த காசு. உறுத்துவது அதனால்தானா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அந்தக் காசு வந்த லாட்டில் மொத்தம் பதினான்கு காசுகள். ‘பழைய செம்புக் காசுகள், நாயக்கர் நவாப் டச்சு கலந்தது, கழுவாதது’ என்று ஒரு வரி விவரம். மூன்று புகைப்படங்கள். சிவப்புச் சிமெண்டுத் தரையில் காசுகளை வரிசையாகப் பரப்பி, சன்னல் வெளிச்சத்தில் கைப்பேசியால் எடுத்தவை. எடுத்தவரின் கால் பெருவிரல் ஒரு மூலையில் தெரிந்தது. படத்தில் காசு பார்க்கிறவன் காசைப் பார்ப்பதற்கு முன்னால் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். நேர்மேலிருந்து விழும் வெளிச்சம் எல்லாவற்றையும் சப்பையாக்கிவிடும். பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெளிச்சத்தில்தான் மேடு பள்ளம் எழுந்து நிற்கும். தேய்ந்துபோன எழுத்தின் எலும்பு தெரியும். விற்கத் தெரிந்தவர்கள் அந்த வெளிச்சத்தைத் தங்களுக்கு வேண்டியபடி வளைப்பார்கள். சுரண்டிய இடத்தை நிழலில் தள்ளுவார்கள், கழுவித் தேய்த்த காசின் மேல் மஞ்சள் விளக்கைப் போட்டு வயதேற்றுவார்கள். இவருக்கு அதெல்லாம் தெரியவில்லை. காலை வெயில் எங்கே விழுந்ததோ அங்கே வைத்து எடுத்திருந்தார். முதல் வரிசையில் ராஜராஜன் பெயர் பொறித்த செம்புக்காசு இரண்டு, நிற்கும் உருவத்தின் தோளும் வேட்டி மடிப்பும் மட்டும் மிஞ்சியவை. அடுத்து, பாரசீக எழுத்தில் வாலாஜா என்று பாதி தெரியும் ஆற்காட்டுக் காசு ஒன்று. டச்சுக் கம்பெனியின் பின்னல் எழுத்து. களிம்பேறிப் பச்சையாகிப்போன நாயக்கர் காசுகள். இவை எல்லாம் எவரிடமும் கிடைப்பவை. ஒன்பதாவது காசில் கண் நின்றது. அது செம்பே இல்லை. படத்தைப் பெரிதாக்கினேன். தலையைச் சாய்த்தேன். மேலே இரண்டு சிறு வளைவுகள், நடுவில் ஒரு புள்ளி, கிரீடமாக இருக்கலாம். அதன் கீழே ஒரு செங்குத்துக் கோடு, கோட்டிலிருந்து வலப்பக்கம் இரண்டு கைகள். அதைத் தழுவினாற்போல் இரண்டு முறை வளைந்து இறங்கும் ஒரு கோடு. எஃப் என்ற எழுத்தும் 3 என்ற இலக்கமும். இன்னும் பெரிதாக்கியதும் எல்லாம் சதுரம் சதுரமாகச் சிதறிவிட்டது. ஓர் எல்லைக்கு மேல் படத்தில் நாம் பார்ப்பது நம் ஆசையைத்தான். அப்படியும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

டென்மார்க்கின் மூன்றாம் பிரெடரிக். 1648 முதல் 1670 வரை அரசர். தரங்கம்பாடியில் டேனியர்கள் 1620இல், தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் வந்து இறங்கினார்கள். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இடைப்பட்ட காலத்தில் அங்கிருந்த டான்ஸ்போர்க் கோட்டைக்காரர்கள் தங்கள் அரசர்களின் பெயரெழுத்தைப் பொறித்து ஈயத்திலும் செம்பிலும் சிறுகாசுகள் வெளியிட்டார்கள். பிற்காலச் செம்புக் காசுகள் ஓரளவு கிடைக்கும். ஆரம்ப கால ஈயக் காசுகள் அப்படியில்லை. ஈயம் மென்மையானது, உப்புக் காற்றில் வெளுத்துப் பொடியாகும், உருக்கி வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வதும் சுலபம். ஜான் கிரே 1974இல் எழுதிய தரங்கம்பாடிக் காசுகளுக்கான கையேட்டின் நகல் ஒன்று என்னிடம் உண்டு. அதன் பக்கங்களை எத்தனையோ இரவுகள் புரட்டியிருப்பதால்தான் அந்த இரண்டு வளைவுகளும் ஒரு கோடும் என்னைப் பிடித்து நிறுத்தின. விற்றவருக்கு அவை ஒன்றும் சொல்லவில்லை. அவர் விவரத்தில் ஈயம் என்ற சொல்லே இல்லை.

ஒன்பதாவது காசைத் தனியாக ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று அவரிடம் கேட்டிருக்கலாம். எடை கேட்டிருக்கலாம். பின்பக்கம் கேட்டிருக்கலாம். சந்தேகம் இருந்தால் கேள் என்பதுதான் இந்தப் பழக்கத்தின் முதல் பாடம். ஆனால் பதினான்கு காசில் ஒன்பதாவதை மட்டும் கேட்பது, ஒன்பதாவதில் என்னவோ இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம். அவர் உஷாராகிவிடுவார், அந்தக் காசை லாட்டிலிருந்து பிரித்துத் தனியே போடுவார், யாரிடமாவது காட்டுவார். அதனால் கேட்கவில்லை. எனக்கு வேண்டிய பதிலை எனக்கே மறுத்துக்கொண்டு, தெரியாததைத் தெரியாததாகவே வைத்துக்கொண்டு, கேட்பு வைத்தேன். இப்போது திரும்பிப் பார்த்தால் உறுத்தலின் வேர் அங்கே இருப்பதாகத் தோன்றுகிறது. காசை வாங்கியதில் இல்லை, ஏலம் முடிந்த இரவிலும் இல்லை. கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்ட அந்த மத்தியானத்தில்.

எனக்குக் காசு பார்க்கக் கற்றுக்கொடுத்த பெரியவர் கும்பகோணத்தில் வெள்ளிப் பாத்திரக் கடை வைத்திருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் கருங்கல் பலகை ஒன்று இருக்கும். யாராவது பழைய ரூபாய் கொண்டுவந்தால் அதன்மேல் லேசாகச் சுண்டிப் போடுவார். நல்ல வெள்ளி என்றால் கோயில் மணியின் கடைசி அலைபோல ஒரு ஒலி எழுந்து மெல்ல அடங்கும். அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். பிறகு கட்டைவிரலை விளிம்பில் ஓட்டுவார். தராசில் 11.66 கிராம் நிற்கிறதா என்று பார்ப்பது கடைசியில்தான். 1939 என்று போட்ட ஆறாம் ஜார்ஜ் ரூபாயைப் பற்றி அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “தம்பி, கடைசி ஒன்பதைப் பாரு. எட்டச் சுரண்டி ஒன்பதாக்குறவன் இருக்கான்.” 1938 ரூபாய் கிடைக்கும், 1939 கிடைக்காது, 1940இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்ட பிறகு, முழு வெள்ளிக் காசுகள் உருக்குப் பட்டறைக்குத்தான் போயின. ஆனால் அவரை நான் நினைப்பது இந்த நுணுக்கங்களுக்காக இல்லை. பார்த்து முடித்ததும், விற்க வந்தவர், வாங்க வந்தவர், வேடிக்கை பார்க்கிற என்னைப்போன்ற பையன்கள், எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வார். “நல்ல வெள்ளி. ஓரம் சுரண்டியிருக்கு. நீ கேக்கறது ஜாஸ்தி. நீ குடுக்கறேங்கிறது கம்மி.” இரண்டு பேர் முகமும் சுருங்கும். அவர் காசைப் பலகையின் நடுவில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வார். ஈயக் காசு வந்தால் மட்டும் சுண்ட மாட்டார். ஈயத்துக்குக் குரல் கிடையாது என்பார்.

நோட்டம் என்ற சொல்லை இன்று வேவு பார்ப்பது என்ற பொருளில் சொல்கிறோம். வீட்டை நோட்டம் விட்டான் என்றால் திருடன் என்று புரிந்துகொள்கிறோம். காசைச் சோதித்து மதிப்பிடுவதுதான் அதன் பழைய பொருள். நோட்டக்காரர் என்றால் நாணயம் சோதிப்பவர். வெளிச்சத்தில் நடந்த வேலையின் பெயர் எப்படி இருட்டில் நடக்கும் வேலைக்குப் போனது என்று எனக்குத் தெளிவாகப் பிடிபடவில்லை, ஆனால் என் விஷயத்தில் இரண்டு பொருளும் ஒன்றாகிவிட்டன. இன்னும் பழைய சொல் வண்ணக்கன். வடமவண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழார் என்று சங்கப் புலவர்களின் பெயர்களிலேயே அந்தத் தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காசின் தரம் சொல்கிறவர்கள் கவிதையும் எழுதினார்கள் என்பதைவிட, அந்தத் தொழிலைப் பெயரோடு சேர்த்துச் சொல்லும்படி ஊர் அவர்களை அறிந்திருந்தது என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. பொன்னின் மாற்றைத் தனக்குள் சொல்லிக்கொள்கிறவர் வண்ணக்கர் ஆக முடியாது. சொன்னால்தான் தொழில்.

முத்திரைக் காசுகளின் பின்பக்கத்தில் குட்டிக் குட்டியாகக் குத்துகள் இருக்கும். கைமாறும்போது சோதித்தவர்கள் இட்ட அடையாளங்கள் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. பிற்கால ரூபாய்களிலும் காசு மாற்றும் சராப்புகள் இப்படிக் குத்தியிருக்கிறார்கள். பார்த்தேன், சரியாக இருக்கிறது, அடுத்தவரும் நம்பலாம் என்று காசின் உடம்பிலேயே எழுதிவிட்டுப் போனார்கள். புதுக்கோட்டைப் பக்கம் 1898இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளிவெட்டு இருக்கிறது. ஏன் வெட்டினார்கள் என்பதில் ஒத்த கருத்து இல்லை. ஆனால் யாரோ ஒருவர் காசைக் கையில் வாங்கி, முடிவெடுத்து, அந்த முடிவை எல்லாரும் பார்க்கும்படி வெட்டியிருக்கிறார் என்பது மட்டும் தெரிகிறது. இன்றைய ஏலப் பட்டியல்களில் சராப் குத்து என்பது ஊனம். குத்து இருந்தால் விலை இறங்கும். யாரும் தொடாத, யாரும் சோதிக்காத, எந்தச் சொல்லும் மேலே படியாத காசுக்குத்தான் உச்ச விலை. அதையும் பிளாஸ்டிக் பேழைக்குள் வைத்துச் சீல் வைத்துத் தரப்புள்ளி ஒட்டுகிறார்கள். குத்து விழுந்த ரூபாய்களை நான் விரும்பி வாங்குவேன். எங்கோ ஒரு சந்தையில் ஒரு மனிதர் வாய்திறந்து சொன்னதற்குச் சாட்சியாக அவை இருக்கின்றன.

தமிழில் ஏலம் கேட்கிறோம். கேட்பது என்றால் வாயைத் திறக்க வேண்டும், காதும் வேண்டும். கோயில் புளியமரத்து ஏலம், ஏரி மீன் ஏலம், ஒருதரம் ரெண்டுதரம் மூணுதரம் என்று தண்டோராக்காரர் இழுக்கிற இழுப்பு, எல்லாம் குரல்தான். தரங்கம்பாடிக் கரையில் மீன் ஏலம் பார்த்திருக்கிறேன். விடியும் நேரம். பைபர் படகு மணலில் ஏறியதும் கூடையைக் கவிழ்ப்பார்கள். ஏலம் விடுகிற அம்மா ஒருவர் குனிந்து, ஒரு மீனைத் தலையைப் பிடித்துத் தூக்கி, செவுளை விரலால் பிளந்து சுற்றி நிற்பவர்களுக்குக் காட்டினார். உள்ளே மாதுளை முத்துப்போல் சிவப்பு. அடியில் கிடந்த இன்னொன்றையும் எடுத்து அதன் செவுளையும் பிளந்தார். அது கொஞ்சம் வெளுத்திருந்தது. அதையும் காட்டினார். அதற்குப் பிறகுதான் விலை. விற்பவர் பார்த்ததை வாங்குபவரும் பார்த்தார், எனக்குப் போட்டியாக நிற்பவர் பார்த்ததை நானும் பார்த்தேன். அவரவர் கணக்கு அவரவர் மனசுக்குள் இருந்தது, ஆனால் மீன் எல்லாருக்கும் நடுவில் கிடந்தது. சூது இல்லாத இடம் என்று சொல்ல வரவில்லை. கண்ணைக் காட்டிக் கூட்டுச் சேர்வார்கள், விலையை அமுக்குவார்கள். இருந்தாலும் கவிழ்த்த கூடையில் யாரும் எதையும் மறைக்க முடியாது.

இணைய ஏலத்தில் நல்ல கேட்பு என்பது கடைசிவரை வைக்காத கேட்பு. முதல் நாளே கேட்டால் இதில் ஏதோ இருக்கிறது என்று மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே காத்திருக்க வேண்டும். உச்சவரம்பை முன்கூட்டியே மனசுக்குள் கட்டிக்கொள்ள வேண்டும், அதைக் கடைசி அரை நிமிடத்தில் போட வேண்டும். சில தளங்களில் கடைசி நேரத்தில் கேட்பு விழுந்தால் கடிகாரம் கொஞ்சம் நீளும்; இந்தத் தளத்தில் நீளாது. லாட் ஐந்நூறு ரூபாயில் தொடங்கி நாலு நாள் அசையாமல் கிடந்தது. ஐந்தாம் நாள் இரவு ஒன்பதரைக்கு முடியவேண்டும். ஒன்பது இருபதுக்கு யாரோ ஒருவர் எழுநூறு என்றார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தேன். வீட்டில் யாரோ கூப்பிட்டார்கள், பதில் சொல்லவில்லை. ஒன்பது இருபத்தொன்பது முப்பத்தைந்துக்கு என் தொகையைப் போட்டேன். எண் தாவியது. அந்த இன்னொருவர் மறுபடி ஏறினார், மறுபடி. அவரும் ஒன்பதாவது காசைத்தான் பார்த்திருக்கிறாரா, நாயக்கர் காசுக்காக ஏறுகிறாரா என்று தெரியவில்லை. நாலாயிரத்து இருநூறில் கடிகாரம் நின்றது. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். ஒரு காசைப் பற்றி மூன்று பேர் முடிவெடுத்திருந்தோம், ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை.

இந்த இடத்தில் எனக்கு எதிராக நானே வாதாடிப் பார்க்கிறேன். உழைப்புக்குக் கூலி இல்லையா? இருபது வருஷம் கண்ணைப் பழக்கியிருக்கிறேன், புத்தகத்துக்கும் போலிகளுக்கும் செலவழித்திருக்கிறேன். நான் எடுக்காமல் போயிருந்தால் அந்தக் காசு செம்புக் குப்பையோடு குப்பையாகப் போயிருக்கும். தெரிந்தவன் கையில் சேர்ந்ததால் பிழைத்தது. தவிரவும் காசின் விலை என்பது காசுக்குள் இல்லை. 1809 ஜனவரியில் அட்மிரல் கார்டனர் என்ற கப்பல் இங்கிலாந்தின் கென்ட் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. அதில் சென்னை மாகாணத்துக்கென்று பர்மிங்ஹாமில் அடித்த பத்துக் காசு, இருபது காசுச் செம்பு நாணயங்கள் பீப்பாய் பீப்பாயாக இருந்தன. சென்னைக்குப் புறப்பட்டு வந்துசேராத காசுகள். 1980களில் அவை லட்சக்கணக்கில் மேலே வந்தன. கதை என்று பார்த்தால் அதைவிடப் பெரிய கதை எந்தக் காசுக்கு? ஆனால் ஒரு நல்ல புத்தகத்தின் விலைக்கு இன்று ஒன்று கிடைக்கும், எண்ணிக்கை அப்படி. இன்னொரு பக்கம், டென்மார்க்கின் வெண்ணெய் வியாபாரி எல். இ. புரூன் 1923இல் இறக்கும்போது, தன் காசுகளை நூறு வருஷம் தொடக்கூடாது, நாட்டின் சேகரிப்புக்கு ஏதாவது நேர்ந்தால் ஈடாக இருக்கட்டும் என்று எழுதிவைத்தார். நூறு வருஷம் முடிந்து 2024 செப்டம்பரில் கோபன்ஹேகனில் முதல் பகுதி ஏலத்துக்கு வந்தபோது விலை கோடிகளில் போனது. டேனியக் காசு என்றால் அங்கே பித்தாக இருப்பவர்கள் உண்டு, தரங்கம்பாடிக் காசுக்கென்றே உண்டு. ஆனால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு இந்த நாட்டைவிட்டுப் போகக்கூடாது. விலை அங்கே, காசு இங்கே. நானும் விற்கப் போவதில்லை. அப்படியிருக்க எதை இழந்தார் காசை விற்றவர்? இப்படியெல்லாம் அடுக்கினால் வாதம் வலுவாகத்தான் இருக்கிறது. வலுவாக இருப்பதுதான் சங்கடம். உறுத்தாத விஷயத்துக்கு இத்தனை வாதம் யாரும் தேடுவதில்லை. கருங்கல் பலகைக்குப் பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்திருந்தால் இந்த வாதத்தில் எதையும் அவர் முன்னால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

பார்சல் எட்டாம் நாள் வந்தது. பிரித்ததும் கருவாட்டு வாடையும் நாப்தலின் வாடையும் கலந்து அடித்தது. பதினான்கு காசையும் பதினான்கு தாளில் தனித்தனியாக மடித்திருந்தார். தாள்களில் யாரோ பிள்ளையின் வகுத்தல் கணக்குகள். மேலே ஒரு துண்டுச் சீட்டு: ‘காசை கழுவவில்லை சார். கழுவினால் மதிப்பு போய்விடும் என்று சொன்னார்கள்.’ அனுப்புநர் முகவரியில் தரங்கம்பாடிக்கு வடக்கே ஒரு கடலோரச் சிற்றூர். ஒன்பதாவது காசை உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன். வார்ப்புப் போலிகளில் தெரியும் குமிழ்க் குழிகள் இல்லை, விளிம்பில் ஒட்டுக்கோடு இல்லை. கிரீடம் கிரீடம்தான். எழுத்தின் மேற்கை தெளிவு, கீழ்க்கை வெண்பொடிக்குள். பின்பக்கம் முக்கால்வாசி வெளுத்துக்கிடந்தது; ஒரு சிறு வளைவைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. ஊசியால் பொடியை எடுத்துப் பார்க்கலாம் என்று கை போனது, நிறுத்திக்கொண்டேன். 1639இல் புறப்பட்ட கப்பல்களுக்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூடத் தரங்கம்பாடிக்கு வரவில்லை. ஐரோப்பாவில் போர், டேனியக் கம்பெனி திவால். 1655இலிருந்து கோட்டையைக் காத்தது எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே என்ற பீரங்கிக்காரர். மிஞ்சியிருந்த ஒரே டேனியர் அவர்தான். குத்தகைப் பாக்கிக்காகத் தஞ்சைப் படை முற்றுகையிட்டபோது தாக்குப்பிடித்தார், ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார், கடைசியில் நாயக்கரோடு சமாதானமும் பேசினார். 1669இல்தான் அடுத்த கப்பல் வந்தது. பிரெடரிக் அரசராக இருந்த இருபத்திரண்டு வருஷத்தில் இருபத்தொரு வருஷம் அந்த மறதிக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே என் உள்ளங்கையில் கிடந்தது பெரும்பாலும் அந்தக் காலத்துக் காசு. தங்களை மறந்துபோன அரசரின் பெயரை ஈயத்தில் அடித்து, மீன் வாங்கவும் உப்பு வாங்கவும் கடைத்தெருவில் கொடுத்திருக்கிறார்கள். யாரோ ஒரு கடைக்காரி அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, சரி என்று சொல்லி மடியில் முடிந்திருக்கிறாள்.

மார்கழி பிறந்த பிறகு ஒருநாள் சாயங்காலம் சீட்டிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். பெயரைச் சொன்னதும், “சார், ஏதும் ஒடஞ்சிருச்சா? திருப்பி அனுப்பறீங்களா?” என்று பதறினார். இல்லை, ஒன்பதாவது காசு செம்பில்லை, ஈயம், அதில் என்ன இருக்கிறது என்று சொல்லலாமென்று கூப்பிட்டேன் என்றேன். மறுமுனையில் கடைச் சத்தம். யாருக்கோ ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். சத்தத்திலிருந்து விலகி வெளியே வந்தார். கிரீடத்தைச் சொன்னேன், எழுத்தைச் சொன்னேன், கோட்டையில் ஒற்றை ஆளாக இருந்த பீரங்கிக்காரரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “கப்பல் வராம எத்தன வருசம் சார்?” இருபத்தைந்துக்கு மேல் என்றேன். “எங்கப்பா ஒருதடவ எட்டு நாள் கரைக்கு வரல சார். அந்த எட்டு நாளையே இன்னும் அம்மா சொல்லிக்கிட்டு இருக்காங்க.” அப்பாதான் பொறுக்கியது எல்லாம். ஐப்பசி கார்த்திகையில் கடல் மணலைப் புரட்டிப்போட்ட மறுநாள் காலையில் கரையோரம் குனிந்துகொண்டே நடப்பாராம். எந்த இடத்தில் என்று கேட்டேன். ஏலத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய இன்னொரு கேள்வி. கோட்டைக்கு வடக்கே, பழைய கோயிலைத் தாண்டி என்றார், எழுதிக்கொண்டேன். அவர் விலையைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானே சொல்வதற்காகத்தான் கூப்பிட்டிருந்தேன். தொகை தொண்டைவரை வந்தது. அரசரின் பெயரைச் சொல்ல வந்தது, கப்பலின் கதையைச் சொல்ல வந்தது, அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. “அப்பா இருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு சார்” என்றார். பிறகு, வைக்கப் போகும் நேரத்தில், “சார், அப்பா டப்பாவுல இன்னும் கொஞ்சம் ஈயம் கெடக்கு. வலைக்குக் கட்டுற ஈயம்னு நெனச்சு நான் போடல. ஃபோட்டோ அனுப்பட்டுமா?” என்று கேட்டார். அனுப்புங்க என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் படம் வந்தது. இந்த முறை தரையில் இல்லை, உள்ளங்கையில் வைத்து எடுத்திருந்தார். பக்கவாட்டு வெயில், நல்ல வெளிச்சம். ஆறு ஈயத் துண்டுகள். நாலு வளைந்து நசுங்கியவை, வலைக் கயிறு அழுந்திய தடம் உள்ளவை. நடுவிலிருந்த இரண்டு வட்டமாக இருந்தன. படத்துக்குக் கீழே, ‘பாத்து சொல்லுங்க சார்.’